புவனா பேருக்கு நூற்று எண்பத்தொன்பது தேங்காய்

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் முதலில் அவள் சொன்னது காதில் விழவில்லை.

காலை ஒன்பது மணி இருக்கும். பசாரில் கூட்டம் வடிகிற நேரம். மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய் அம்மாவுக்கு இரண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அன்று அவர் வீட்டில் ரெண்டாங் கறி. நிமிர்ந்தால் என் மகள் புவனா நிற்கிறாள். இழுக்கிற பெட்டி ஒன்று. முதுகில் பை. கக்கத்தில் தலையணை.

லீவுக்கு வருகிற பிள்ளை தலையணை கொண்டுவராது. மெஷினை நிறுத்தினேன்.

"அப்பா, ஒரு வருஷம் நிறுத்தி வச்சிருக்கேன்."

"எத?"

"படிப்ப."

மாக்சிக் தேங்காய்ப் பாலுக்குக் காத்திருந்தார். மெஷினைத் திரும்பப் போட்டேன். துருவலை அள்ளிப் பிழிந்து, பையில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். கையைத் துடைத்தேன்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஆ செங் கடையில போய் ரொட்டி சாப்பிடு. முட்டை ரெண்டு போடச் சொல்லு."

பெட்டியைத் தேங்காய்க் குவியல் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். தலையணையை மட்டும் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

டிரைவர் நன்றாக இருக்கிறார்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தேங்காய் லோரி கவிழ்ந்த கதையை எழுதினேன். நிறையப் பேர் கூப்பிட்டார்கள். தேங்காயெல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். டிரைவர் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிரைவர் நன்றாக இருக்கிறார். இதையும் படிப்பார். அதனால் சொல்லிவைக்கிறேன்.

இந்த வாரம் மகள் கதை. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "என் படத்த மட்டும் போடாதீங்க" என்றாள். போடவில்லை.

புவனா கோலாலம்பூர் பக்கம் டாக்டருக்குப் படித்தாள். மூன்று வருடம் முடித்திருந்தாள். எதிலும் தோற்கவில்லை. நோய் எதுவும் இல்லை. காதல் இருக்குமோ என்று என் மனைவி சரோஜா இரண்டு நாள் சந்தேகப்பட்டாள். போனை எட்டி எட்டிப் பார்த்தாள். அதுவும் இல்லை. இருந்திருந்தால் சரோஜாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காரணம் என்று ஒன்று கையில் கிடைத்திருக்கும்.

யுனிவர்சிட்டியில் ஒரு வருடம் இடத்தைப் பிடித்து வைப்பார்கள். அடுத்த தைப்பூசம் வருகிற மாதக் கடைசிக்குள், திரும்பி வருகிறேன் என்று எழுதிப் போட வேண்டும். போடாவிட்டால் இடம் போய்விடும். இதை அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னிடம் சொன்னாள். புதுக் காலண்டர் வந்ததும் சரோஜா அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். மறுநாள் பார்த்தால் அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம்.

ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு அது பழக்கமில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஒரு சாயங்காலம் அப்பா, "நாளைக்குப் பள்ளிக்கூடம் வேணாம், லோரிக்கு வா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. உனக்குச் சம்மதமா என்று அவரும் கேட்கவில்லை. மறுநாள் லோரியில் முன் சீட்டு கிடைத்தது. ஜன்னல் பக்கம். பாகான் டத்தோ வரைக்கும் காற்று. சந்தோஷமாகத்தான் போனேன். ரொம்ப வருடம் கழித்து, யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. ஒரு தடவைதான் தோன்றியது.

பாதி டாக்டர்

முதல் இரண்டு வாரம் புவனா தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. சரோஜா அடிக்கடி போய் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவளாகவே கடைக்கு வந்தாள். பழைய டீசட்டை. தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். "நான் என்ன செய்யட்டும்?" என்றாள். சிரட்டை அள்ளச் சொன்னேன். அள்ளினாள்.

பக்கத்தில் லெட்சுமி அக்காவின் பூக்கடை. அந்த அக்காவுக்குத் தெரியாமல் எங்கள் பசாரில் ஒரு பூனை குட்டி போடாது. சரோஜாவைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டருப் பொண்ணு எதுக்கு சிரட்டை அள்ளுது?"

"லீவுதான்க்கா."

"எத்தன நாள் லீவு?"

"பெரிய லீவு."

"பெரிய லீவுன்னா?"

"ரொம்பப் பெருசு."

இந்தப் பொய் நாலு நாள் தாங்கியது. ஐந்தாவது நாள் சரோஜாவே அந்த அக்கா தோளில் சாய்ந்து அழுதுவிட்டு வந்தாள். பிறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. ஒளிக்க வேண்டிய வேலை மிச்சம்.

தெரிந்த பிறகும் யாரும் அவளைச் சும்மா விடவில்லை. முட்டிவலி, நெஞ்செரிச்சல், இரத்தப் பரிசோதனைக் காகிதம், எல்லாம் தேங்காய்க்கடைக்கு வந்தன. "நான் இன்னும் டாக்டர் இல்ல ஆன்ட்டி" என்பாள்.

"பாதி டாக்டர்தானே?" என்பார் லெட்சுமி அக்கா. "போதும். எனக்கும் பாதி வலிதான்."

அவள் சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தேங்காயைத் தட்டிப் பார்க்க நாங்கள் இரண்டு காய்களை ஒன்றோடொன்று மோதுவோம். சத்தத்திலேயே முற்றலா, கீறலா, தண்ணீர் வற்றியதா என்று தெரியும். புவனா அப்படிச் செய்ய மாட்டாள். இடது கையைக் காய் மேல் பரப்பி, நடு விரல் மேல் வலது கை விரலால் டொக் டொக் என்று தட்டுவாள். நோயாளி நெஞ்சை அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்களாம்.

எதிரே கோப்பிக்கடை ஆ செங் இதை ரசித்துப் பார்ப்பார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். பசாரில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் வரும், நம் பிள்ளைகள் சிலரைவிட நன்றாகவே வரும்.

"டாக்டர், லங்ஸ் எப்படி?"

புவனா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "தண்ணி கோத்திருக்கு அங்கிள்" என்பாள்.

"தேங்காய்ல தண்ணி இருந்தா நல்லது லா!"

எத்தனை காய் அப்படித் தட்டினாலும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அழுகலை நல்லது என்பாள். நல்லதை ஓரம் வைப்பாள். நான் பிறகு போய் மாற்றி வைப்பேன். ஆனால் வாடிக்கையாளர் கூடினார்கள். ஆறேழு மாதத்தில் அவளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

சாக்கில் எழுதும் பேர்

தைப்பூசம்தான் எங்களுக்குப் பெரிய வேலை. பினாங்கில் ரதம் வருகிற வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் ஒரு மாதம் முன்பே சொல்லி வைப்பார்கள். நாங்கள் எண்ணிச் சாக்கில் கட்டி, அட்டையில் பேர் எழுதித் தொங்கவிட்டு, லோரியில் ஏற்றிக்கொண்டு போய் அந்தந்த இடத்தில் இறக்குவோம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். அட்டையில் எழுதுவது சொல்லி வைத்தவர் பேர் இல்லை. யாருக்காக உடைக்கிறார்களோ அவர் பேர். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மகனுக்காக உடைத்தால் மகன் பேர். என்ன வேண்டுதல் என்று நாங்கள் கேட்க மாட்டோம். பேரை மட்டும் கேட்போம்.

அந்த வருடம் அட்டை எழுதுகிற வேலையைப் புவனாவிடம் கொடுத்தேன். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். டாக்டர் ஆன பிறகு கெட்டுவிடும் என்று ஆ செங் சொன்னார்.

ஒரு நாள் அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து சரோஜா கடைக்கு வந்தாள். என் மனைவி என் கடையில் வாடிக்கையாளர் மாதிரி நின்றாள்.

"நூத்தெட்டு."

"யார் பேருக்கு?"

முறைத்தாள். "தெரியாத மாதிரி கேளுங்க. அவ திரும்பப் படிக்கப் போகணும். நூத்தெட்டு. அவளுக்குத் தெரியக்கூடாது."

அட்டையை நானே எழுதினேன். புவனேஸ்வரி. இரண்டு சாக்கு.

மறுநாள் கெப்பாலா பத்தாஸிலிருந்து என் மைத்துனன் போன் செய்தான். ஐம்பத்தொன்று. அதே பேர். அதற்கு அடுத்த நாள் லெட்சுமி அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். அவர் தாழ்த்தினாலும் மீன் கடை வரை கேட்கும். இருபத்தொன்று.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன் தம்பி. நான் உடைச்சப்புறம் அது போகலன்னா, என் இருபத்தொண்ணு என்னாகும்?"

"ரோட்ல கிடக்கும்கா."

கடைசியாக ஆ செங். எட்டு வேண்டும் என்றார். சீனர்களுக்கு எட்டு ராசி. லெட்சுமி அக்கா விடவில்லை. "முருகனுக்கு எட்டா? ஒத்தப்படையில போடுங்க!" என்றார். இரண்டு பேரும் அரைமணி நேரம் சண்டை போட்டு ஒன்பதில் நின்றார்கள்.

ஐந்து சாக்கு. எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடினேன். தேங்காயை ஒளிப்பது சுலபமில்லை. எப்படி மூடினாலும் தேங்காய் மாதிரியே தெரியும்.

லோரி ஏற்றுவதற்கு முன் புதன்கிழமை புவனா எல்லாச் சாக்கையும் சரிபார்த்தாள். தார்ப்பாயைத் தூக்கிவிட்டாள். எனக்கு ஓட இடமில்லை.

முதல் அட்டையைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். ஐந்தையும் படித்தாள்.

"அப்பா, இந்த பசார்ல எத்தன புவனேஸ்வரி இருக்காங்க?"

"ஒருத்திதான்."

அழுவாள் என்று நினைத்தேன். எண்ண ஆரம்பித்தாள்.

என்ன பழம்

"நூத்தி எம்பத்தொம்போது" என்றாள். "நூத்தெட்டு அம்மாவாத்தான் இருக்கும். அம்பத்தொண்ணு மாமா. இது லெட்சுமி ஆன்ட்டி. இந்த ஒம்போது?"

"ஆ செங்."

"ஆ செங் அங்கிளுமா!" தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இதில உங்களோடது எது?"

"இல்ல."

"கடை நம்மளுதுதானேன்னு அட்டை எழுதலியா?"

"இல்ல. நான் நேரல."

"ஏன்?"

பத்து மாதமாக, நீ என்ன நினைக்கிறாய் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. சரோஜாகூடக் கேட்கவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"என்ன கேக்கறதுன்னு தெரியல. போகணும்னு கேட்டா, உனக்கு இஷ்டம் இல்லாம இருக்கலாம். போக வேணாம்னு கேட்டா, உங்கம்மா என்னக் கொன்னுடுவா."

புவனா ஆ செங்கின் சிறிய சாக்கு மேல் உட்கார்ந்தாள். ஒன்பது தேங்காய் மேல் உட்காருவது வசதியாக இருக்காது. ஆனாலும் உட்கார்ந்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

அவர்கள் குழுவில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான். எந்த வார்டில் தமிழ் மட்டும் தெரிந்த ஆள் படுத்திருந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். டாக்டர் சொல்வதை அவள் தமிழில் சொல்ல வேண்டும். காலை எடுக்க வேண்டும் என்றால் அவள்தான் சொல்ல வேண்டும். இனி மருந்து இல்லை என்றாலும் அவள்தான்.

"ஒரு எஸ்டேட்டு அம்மாப்பா. அவங்க வீட்டுக்காரருக்கு முடியல. இன்னிக்குத் தாண்டாது, கூட இருக்கச் சொல்லுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு வாய் வரல. நல்லா பாத்துக்கிறாங்க, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டேன். அவங்க நம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. துணி மாத்திட்டுக் காலைல வரேன்னு. காலைல அவரு இல்ல."

நானும் பக்கத்துச் சாக்கு மேல் உட்கார்ந்தேன்.

"ஒரு வாரம் கழிச்சு ஏதோ ஃபாரம் வாங்க வந்தாங்க. என்னத் தேடி வந்து பழம் குடுத்தாங்க. நீ ஒருத்திதாம்மா எனக்கு ஆறுதலா பேசினன்னு சொன்னாங்க."

"என்ன பழம்?"

"கொய்யா. வீட்டு மரத்துது."

"சாப்பிட்டியா?"

"எப்படிப்பா சாப்பிடுறது? அலமாரில வச்சேன். ரூம் பூரா வாசம். அப்புறம் அழுகிப் போச்சு. தூக்கிப் போட்ட அன்னிக்குத்தான் லீவு கேட்டு எழுதினேன்."

எழுந்தேன். பாராங் கத்தியை எடுத்து ஒரு காயைத் தட்டி, தண்ணீரை டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். குடித்தாள். அவள் அம்மா வைத்த நூற்றெட்டில் அது ஒன்று என்று பிறகுதான் பார்த்தேன். வேறொன்று எடுத்துப் போட்டுச் சாக்கைக் கட்டினேன்.

"அடுத்த தடவ உள்ளத உள்ளபடி சொல்லணும்பா" என்றாள் புவனா. "ஆனா அடுத்த தடவன்னு ஒண்ணு வரணும்னா, நான் அங்க இருக்கணும்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அட்டை எழுதப் போனாள். போகிறேன் என்று சொன்னாளா, இல்லையா? எனக்கு விளங்கவில்லை. காலண்டரில் வட்டம் போட்ட தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

ரதம் வந்தது

ரத ஊர்வலம் திங்கட்கிழமை காலை. வெயில் ஏறுவதற்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் தேங்காய் மலை. எங்கள் லோரி ஒரு தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில் நின்றது. பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகை, மோர் வாசம், உடைத்த தேங்காய் வாசம். இரண்டு மூன்று தெருவுக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்டது.

ரதம் தெருமுனை திரும்பியதும் உடைக்க ஆரம்பித்தார்கள். இதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மழை பெய்கிற மாதிரி இருக்கும். ரோடெல்லாம் வெள்ளை. நடந்தால் செருப்புக்குள் தேங்காய்த் தண்ணீர்.

லெட்சுமி அக்கா இருபத்தொன்றையும் ஒரே மூச்சில் உடைத்தார். உடைத்துவிட்டுப் புவனாவைப் பார்த்து, "என் தேங்கா ரோட்ல கிடக்கக்கூடாது, ஆமா" என்றார். ஆ செங் ஒன்பதை உடைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது பத்தாவதாக ஒன்றை உடைத்தார். ஏன் என்று தெரியவில்லை. மைத்துனன் கேமராவைப் பார்த்து உடைத்தான். சரோஜா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நூற்றெட்டை ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்தது.

நானும் ஒரு காய் எடுத்தேன்.

புதன்கிழமைக்குப் பிறகு எனக்கு என்ன கேட்பதென்று தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவளுக்கு வாய் வரட்டும் என்று கேட்டேன். எங்கே இருந்தாலும் சரி. எனக்கு வந்ததில்லை.

ஓங்கிப் போட்டேன்.

உடையவில்லை. இத்தனை வருடம் தேங்காய் விற்கிறவன் போட்ட காய். ஒரு துள்ளு துள்ளி, உருண்டு, ரோட்டைத் தாண்டி ஓடியது. பந்தலில் மோர் ஊற்றியவர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். ஆ செங் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

புவனா ஓடிப்போய்க் காயை எடுத்து வந்தாள்.

"என்ன நேந்தீங்க?"

"சொல்லக் கூடாது."

"நான் போகணும்னா?"

"இல்ல."

"போக வேணாம்னா?"

"இல்ல."

காயைக் கையில் ஒரு தடவை உருட்டினாள். "அப்ப சரி" என்றாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே போடு. நடுவில் பிளந்தது. தண்ணீர் என் காலில் தெறித்தது.

மூச்சு வாங்கியபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமையே எழுதிப் போட்டுட்டேன்பா. வரேன்னு."

மேளச் சத்தம். ஆனாலும் இந்தத் தடவை முதலிலேயே கேட்டது.

"உங்கம்மாகிட்ட சொன்னியா?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். சரோஜா பாதியைத் தாண்டியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுத்த காயைத் தூக்கினாள். யாரோ உதவிக்கு வந்தார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

"முடிக்கட்டும்" என்றாள் புவனா.